ஷக்ரின் என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டு

“இந்த வாக்கியத்தை எழுதினது யாரு?”

உரக்க வாசித்துக்கொண்டிருந்த நான் பாதியில் நிறுத்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் அசையவில்லை. நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல அவரவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

கேட்கக் கூடாத கேள்வி அது. வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்கள் தொகுப்பாசிரியர், நாங்கள் தொகுப்பு சார் என்று கூப்பிடுகிறவர், சொல்லியிருந்தார். “இங்க என்ன வேணாலும் கேளும்மா. சம்பளம் எப்ப ஏறும்னுகூடக் கேக்கலாம், பதில்தான் வராது. ஆனா ஒரு வாக்கியத்தை எழுதினது யாருன்னு மட்டும் வாயைத் தெறந்து கேட்டுடாதே. எழுதினவங்க முகம் தெரிஞ்சா திருத்தக் கை வராது. வாக்கியத்துக்கு அப்பா அம்மா கிடையாது.”

அன்று அது எனக்குப் பிடித்திருந்தது. அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் குரலை மாற்றிக்கொள்ளாத ஒரு இடமாவது இருக்கிறதே என்று நினைத்தேன். பொதுவாக நான் யாரையும் அவ்வளவு சீக்கிரம் நம்புகிறவள் இல்லை. யாராவது என்னிடம் இனிக்க இனிக்கப் பேசினால் முதலில் என் பையின் ஜிப்பைத்தான் பார்த்துக்கொள்வேன். வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவளுக்கு அந்தப் பழக்கம் தானாக வந்துவிடும். கூட்டிக்கொண்டுபோய் வழி காட்ட, அவளுக்கு முன்பே போனவர்கள் யாரும் இல்லை அல்லவா.

எங்கள் அலுவலகம் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலம்–தமிழ் அகராதி தயாரிக்கிறது. சொற்களும் பொருள்களும் எப்போதோ முடிந்துவிட்டன. பாக்கி இருப்பது எடுத்துக்காட்டுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று வாக்கியம். ஆங்கிலத்தில் எழுதி, அதன் காலடியிலேயே தமிழில். எழுதியதைக் கணினியில் ஒரு பொது இடத்தில் பெயர் போடாமல் தள்ளிவிடுவோம். அதற்குக் கிணறு என்று பெயர். காலையில் கிணற்றிலிருந்து இறைத்து ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். வாக்கியத்தில் யாரோ ஒரு குறிப்பிட்ட ஆளின் வாடை அடித்தால் கையைத் தூக்க வேண்டும், அதை எறிந்துவிடுவோம். ‘அவன் பேருந்தைத் தவறவிட்டான்’ என்பதுதான் எங்கள் கணக்கில் நல்ல வாக்கியம். அவன் எவனாகவும் இருக்கலாம். பேருந்தும் எதுவாகவும் இருக்கலாம்.

ஆளுக்குச் சில எழுத்துகள் பொறுப்பு. கூப்பிடுவதும் அப்படித்தான். சி அக்கா, எம் அண்ணன், எஸ் மேடம். கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் எனக்கு அடிவண்டல். எக்ஸ், ஒய், இசட். என்னை இசட் என்பார்கள்.

அன்று வாசிக்கும் முறை என்னுடையது. சி எழுத்தில் ஷக்ரின் (chagrin) என்ற சொல் வந்தது. நினைத்தது நடக்காமல் போன ஏமாற்றமும், அதை நாலு பேர் பார்த்துவிட்டார்களே என்ற கூச்சமும் ஒன்றாக வந்தால் அது ஷக்ரின். நம்மிடம் அதற்கு ஒற்றைச் சொல் இல்லை. அசடு வழிவது என்றால் சிரிப்பாகிவிடும், மூக்குடைபடுவது என்றால் சண்டையாகிவிடும். முகம் செத்துப்போனது என்கிறோமே, அது கொஞ்சம் பக்கத்தில் வரும். ஆங்கில வாக்கியத்தில் அந்தச் சொல் நடுவீட்டில் உட்காராது. ‘அவளுக்கு ஷக்ரின் உண்டாகும்படி’ என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் சொல்லும். என்ன நடந்தது என்று தெரிவதற்கு முன்பே, அவமானம் யாருக்கு என்பது முடிவாகிவிடும்.

முதல் வாக்கியத்தில், ஒருவர் பார்த்துப் பார்த்துச் சமைத்ததை அவருக்கு ஷக்ரின் உண்டாகும்படி விருந்தாளிகள் யாரும் தொடவில்லை. இரண்டாவதில், தோற்றதைவிடத் தோற்றதைத் தங்கை பார்த்துவிட்டதுதான் ஒருவனுக்கு ஷக்ரினாக இருந்தது. அது சி அக்காவுக்கு ஒத்தாசையாக நான் எழுதிப் போட்டது என்பதால் கொஞ்சம் நிறுத்தி, அழகாக வாசித்தேன். மூன்றாவது இது:

‘தனக்கு ஷக்ரின் உண்டாகும்படி, மகளின் பட்டமளிப்பு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்ட பிளம்பர் எழுப்பப்பட்டார், நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் பின்னால் போனார்.’

என் அப்பா பிளம்பர். அந்த விழா என்னுடையது.

அவர் அன்று எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். முன்வரிசை காலியாக இருந்தது, உட்கார்ந்தார். நாற்காலியின் முதுகுப் பக்கம் ‘சிறப்பு விருந்தினர்’ என்று தாள் ஒட்டியிருந்ததை முன்பக்கமாக வந்தவர் எப்படிப் பார்ப்பார். நான் கறுப்பு அங்கியோடு பக்கவாட்டு வரிசையில் நின்றிருந்தேன். சட்டையில் அட்டை குத்திய ஒரு பையன் குனிந்து ஏதோ சொன்னான். அப்பா எழுந்தார், கைக்குட்டையை எடுத்தார், இருக்கையைத் துடைத்தார், முதுகுச் சாய்வையும் துடைத்தார், கதவோரக் கடைசி வரிசைக்குப் போனார். அவ்வளவுதான்.

“அடுத்த சொல்லுக்குப் போம்மா,” என்றார் தொகுப்பு சார்.

“யாரு எழுதினதுன்னு கேட்டேன் சார்.”

“இசட்.”

“சரி, கேக்கல. வாடை அடிக்குது. நான் கையத் தூக்குறேன்.” தூக்கினேன்.

“வாசிக்கிறவங்க கை தூக்குறது வழக்கமில்ல. வேற யாருக்காவது அடிக்குதா?”

யாருக்கும் அடிக்கவில்லை. எல்லோருக்கும் அன்று சளி போலிருக்கிறது.

வாசிப்பு முடிந்ததும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவரிடம் எனக்குப் பயம் வருவதே அவர் சத்தம் போடாததால்தான். சத்தம் போடுகிறவன் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டான்.

“நல்ல வாக்கியம்மா அது,” என்றார். “அந்தக் கைக்குட்டை இருக்கு பாரு, அது ஒண்ணு போதும். எந்தப் பிள்ளையும் ஷக்ரினை மறக்காது.”

“அது எங்கப்பா சார்.”

“உலகத்துல எத்தனையோ பிளம்பர்.”

“எத்தனை பிளம்பரு நாற்காலியத் தொடைச்சிட்டுப் போனாங்க?”

அவர் சிரித்தார். பல் தெரியாத சிரிப்பு. “இந்த மாசத்தோட உன் சோதனைக் காலம் முடியுது. நிரந்தரம் பண்ணலாமா வேண்டாமான்னு நான்தான் சொல்லணும். ஒரு வாக்கியத்துக்காக மனசப் போட்டுக் குழப்பிக்காதே. நாளைக்குக் காலைல வேலை கேட்டு வர்றவங்களுக்கு எழுத்துத் தேர்வு இருக்கு, கூடத்துல நீ நின்னு பாத்துக்கோ. அதுக்கு அடுத்த நாள் சி முழுக்க அச்சுக்குப் போகுது.”

அச்சில் வந்தால் அப்பா படிப்பார். அப்பா குழாய் மாட்டப் போகிற வீடுகளிலெல்லாம், கழிவறையில் ஒரு காலும் வெளியில் ஒரு காலுமாக நின்று, ‘எம்பொண்ணு டிக்ஷனரி எழுதுறா’ என்று சொல்லிவைத்திருந்தார். வந்த உடனே முதல் பிரதியைத் தன் சாமான் பையில் போட்டுக்கொள்ளப் போவதாக மிரட்டியும் இருந்தார். ஆங்கிலம் தெரியாது. தமிழ் ஒரு எழுத்து விடமாட்டார். பசை டப்பாவின் பின்னால் எழுதியிருப்பதைக்கூட முழுக்கப் படிக்கிற ஆள். சி எழுத்து அவருக்கு எவ்வளவு தூரம்.

யார் எழுதியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சி எழுத்து சி அக்காவுடையது. விழாவில் அப்பாவை எழுப்பிவிட்டதை இந்த அலுவலகத்தில் நான் அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். எல்லோரிடமும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவில் பாதியைப் பங்கு போட்டுக் கொடுத்த ஒருத்தியிடம் உளறியிருந்தேன். பங்கு கொடுக்கும்போதே யோசித்திருக்க வேண்டும்.

மதிய இடைவேளையில் அவள் வழக்கம்போலப் பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

“எங்கப்பாவ வித்துட்டீங்களாக்கா?”

“என்ன விலைக்கு?”

“விளையாடாதீங்க. உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

அவள் டப்பாவை மூடினாள். “நீ என்ன சொன்னே எங்கிட்ட? திரும்பச் சொல்லு.”

“முன்வரிசையில உக்காந்தாரு, எழுப்பிட்டாங்கன்னு.”

“அப்புறம்?”

“அவ்ளோதான்.”

“கைக்குட்டை?”

கைக்குட்டையை நான் அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

“சந்தேகப்படு, வேணாங்கல,” என்றாள் சி அக்கா. “ஆனா கொஞ்சம் ஒழுங்காச் சந்தேகப்படு. படிச்ச பொண்ணுதானே.”

“அப்ப யாருக்கா?”

“நீ கேக்கக் கூடாது, நான் சொல்லக் கூடாது.” அவள் டப்பாவை மறுபடி திறந்தாள். இந்த முறை பங்கு வைக்கவில்லை. எனக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது. தெரியாது என்று அவள் சொல்லவில்லையே.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பாவைச் சந்தேகப்பட்டேன். கைக்குட்டை தெரிந்த இன்னொரு ஆள் அவர்தானே. ஒருமுறை நான் மறந்துவிட்டுப் போன சாவியைக் கொடுக்க அவர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். நான் கீழே இறங்கி வருவதற்குள் தொகுப்பு சாரோடு வரவேற்பறையில் உட்கார்ந்து தோளில் தட்டாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார். குழாயைப் பற்றி என்றுதான் அப்போது நினைத்தேன்.

வீட்டில் அப்பா சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தார். அம்மா டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். “ஊரு வீட்டுக் குழாயெல்லாம் சொட்டாம நிக்குது. பிளம்பர் வீட்டுக் குழாய்க்கு மட்டும் மூக்கு ஒழுகுது,” என்றாள்.

“காசு குடுக்காத வீடு இது ஒண்ணுதான்,” என்று கீழிருந்து குரல் வந்தது.

“அப்பா, எங்க சார்கிட்ட அன்னைக்கு என்ன பேசுனீங்க?”

“எந்த அன்னைக்கு?”

“சாவி குடுக்க வந்தீங்களே.”

“அவரு வீட்டு மாடித் தொட்டியில பாசி பிடிக்குதாம். வெயிலு படாம மூடச் சொன்னேன். ஏன், இன்னும் மூடலையா?”

“என் பட்டமளிப்பு விழாவப் பத்தி எதுவும் சொன்னீங்களா?”

ஸ்பானர் நின்றது. அப்பா தலையை வெளியே எடுத்தார். கன்னத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. “அதப் பத்தி அவருகிட்ட எதுக்குச் சொல்லப்போறேன்?”

“நாற்காலிய எதுக்குத் தொடைச்சீங்க?”

இத்தனை நாளாக நான் கேட்காத கேள்வி. அம்மா டார்ச்சை அணைத்துவிட்டாள்.

“பழக்கம்மா,” என்றார் அப்பா. “ஒரு எடத்துல வேலை முடிச்சிக் கெளம்பும்போது கைபட்ட எடத்தத் தொடைச்சிட்டுத்தானே வருவோம். கை அதுபாட்டுக்குத் தொடைச்சிருக்கு. எழுந்திருன்னா எழுந்திருக்க வேண்டியதுதானே, அதுல என்ன. ஒண்ணுதான் இடிச்சிது. அந்த நாற்காலிக்கு யாருமே வரல. கடைசி வரைக்கும் காலியாத்தான் கெடந்துச்சு. வருவாங்களா வருவாங்களான்னு பின்னாலேருந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். உன்ன மேடைக்குக் கூப்பிட்டதக் கவனிக்கல. கைதட்டுனப்புறம்தான் நிமிந்து பாத்தேன், நீ எறங்கிக்கிட்டு இருந்தே.”

இதை அவர் குழாய்க்கு எந்த அளவு வாஷர் வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னார். பட்டம் வாங்கியதை அவர் பார்க்கவே இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

“அந்தப் பொண்ணுதான் பாத்துச் சொன்னா,” என்று தொடர்ந்தார். “உன் கூட விடுதியில இருந்தாளே, அந்தக் கோழி. அவளுக்கு அந்த வருசம் ஒரு பாடம் பாக்கின்னு மேடையேறல இல்ல, பின்னால வந்து எம்பக்கத்துல உக்காந்தா. எனக்குப் பதிலா அவ அழுதா. அந்தக் கைக்குட்டையத்தான் குடுத்தேன். இன்னும் திருப்பித் தரல பாத்துக்கோ.”

விடுதியில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து விளக்கைப் போட்டுப் படிப்பாள் என்பதால் கோழி. எனக்கு அவள் வைத்த பெயர் எலுமிச்சை. சில மாதங்களாக அவள் என் அழைப்பை எடுப்பதில்லை. எங்கேயோ பெரிய வேலை கிடைத்திருக்கும், பழைய அறைத்தோழி அலுத்துப்போயிருப்பாள் என்று நானே முடிவுகட்டி, நானும் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தேன். இப்போது எல்லாம் பொருந்தியது. கைக்குட்டையைப் பார்த்தவள் அவள். தொகுப்பு சாருக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? என் அப்பாவின் முகத்தைக் கொண்டுபோய் எந்தச் சந்தையில் வைத்தாள்?

என் எண்ணிலிருந்து கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தேன். திட்டுவதற்கு முதல் வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். தொழிலே அதுதானே.

முதல் மணியிலேயே எடுத்தாள். “வணக்கம் மேடம், சொல்லுங்க. அகராதி ஆபீஸா?”

தயாராக வைத்திருந்த வாக்கியம் போன இடம் தெரியவில்லை.

“மேடம்? எழுத்துத் தேர்வு விஷயமாத்தானே?”

“கோழி, நான்தான்.”

“ஓ,” என்றாள். “எலுமிச்சையா. புது நம்பரா? பெரிய வேலைக்காரங்க.”

“நீ எங்க ஆபீஸ்ல டெஸ்ட் எழுதினியா?”

“ஏன், உனக்குத் தெரியாதா?”

“சத்தியமாத் தெரியாதுடி.”

“நான் வந்த அன்னைக்கு நீ லீவுன்னாங்க. சரி, பேப்பர் உள்ளதானே வரும், எங்கையெழுத்து உனக்குத் தெரியாதா, பாத்துட்டு நீயே கூப்பிடுவேன்னு நெனச்சேன். ஒரு வாரம் பாத்தேன். அப்புறம் புரிஞ்சிது. பாத்துட்டும் சும்மா இருக்கேன்னு. நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்.”

“பேப்பரெல்லாம் எங்க கைக்கு வராதுடி. அதுல ஷக்ரின்னு ஒரு சொல்லு இருந்துச்சா?”

“இருந்துச்சு. உங்கப்பாவத்தான் எழுதினேன். கோவிச்சுக்காதே, அந்தச் சொல்லப் பாத்ததும் அதுதான் ஞாபகம் வந்துச்சு.”

“என்னன்னு எழுதினே? அப்படியே சொல்லு.”

அவள் யோசிக்கவே இல்லை. பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள் போல. தமிழில் இப்படி வரும்: ‘எழுப்பியவர்களுக்கு ஷக்ரின் உண்டாகும்படி, பிளம்பர் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போன நாற்காலி விழா முடியும்வரை காலியாகவே கிடந்தது.’

“எழுப்பினவங்களுக்கா?” என்றேன்.

“பின்ன? யாருக்கு வரணும்?”

கோழி நல்லவள். அவர்களுக்கெல்லாம் அது வரும் என்று இன்னும் நம்புகிறாள்.

“வேலை கெடைக்குமாடி?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு உடனே, “சும்மா கேட்டேன்,” என்றாள்.

அதற்கு மேல் என் சந்தேகம் வேறு திசையில் ஓடியது. நான் சேர்ந்ததிலிருந்து மாதம் தவறாமல் எழுத்துத் தேர்வு நடக்கிறது. கூடம் நிறைய வந்து எழுதிவிட்டுப் போகிறார்கள். ‘தகவல் சொல்லுவோம்’ என்று எஸ் மேடம் வாசலில் நின்று வழியனுப்புவாள். எனக்குப் பின்னால் ஒரு ஆள்கூட வேலைக்குச் சேரவில்லை. யாரும் தேறவில்லை, நான் மட்டும்தான் தேறினேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. இன்னொன்றும் இருந்தது. நாங்கள் எழுதிப் போடுவதைவிட, இறைக்கும்போது வருவது எப்போதுமே அதிகம்.

மறுநாள் காலையில் கூடத்தில் நாற்காலிகளைப் போட்டு முடித்திருந்தார்கள். வந்தவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைகள். ஒரு பெண்ணின் அம்மா அவளுக்குத் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். வினாத்தாளை எல்லோருக்கும் கொடுத்தேன். பத்துச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் வாக்கியம் எழுதுக, சொந்த அனுபவத்திலிருந்து எழுதினால் கூடுதல் மதிப்பெண். நான் எழுதியபோதும் இந்தக் கடைசி வரி இருந்தது. எங்களுக்கு ஆளின் வாடையே ஆகாது. இவர்களிடம் மட்டும் வாடையோடு கேட்கிறார்கள். கழுவுவதற்குத்தான் உள்ளே தொகுப்பு சார் இருக்கிறாரே.

தண்ணீர் பிடிக்க வந்த சி அக்காவைக் கூடத்து வாசலில் மடக்கினேன். “இந்தப் பேப்பரெல்லாம் எங்கக்கா போகுது?”

“கிணத்துக்குத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு இன்னைக்குத்தான் கேக்குறியா?”

“உங்களுக்குத் தெரியும்.”

“எல்லாருக்கும் தெரியும். உனக்கு நிரந்தரம் ஆனதும் சொல்லுவாங்க.” பாட்டில் நிறைந்து வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை. “எனக்கு ரெண்டு பசங்க, இசட். நான் கையத் தூக்க மாட்டேன். நீ என்னைத் திட்டிக்கோ.”

திட்டவில்லை. குழாயை நான்தான் மூடினேன்.

தொகுப்பு சார் அறையில் சி எழுத்தின் பக்கங்கள் மேசை முழுக்க விரித்துக் கிடந்தன. நான் தேர்வுக் கூடத்தில் இல்லாமல் இங்கே நிற்பதைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை.

“நேத்துக் கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரிஞ்சுபோச்சு சார்,” என்றேன். “எழுதினது என் ஃப்ரெண்டு. உங்க தேர்வுல. அவ எழுதினத மாத்தினது யாரு?”

“உக்காரு.”

உட்கார்ந்தேன்.

“நான்தான் மாத்தினேன்,” என்றார். “அது எடுத்துக்காட்டு இல்லம்மா, குற்றப்பத்திரிகை. காலி நாற்காலியப் பாத்து எவனுக்காவது ஷக்ரின் வருமா? எழுந்து போறவனுக்குத்தான் வரும். பிள்ளைங்களுக்குச் சொல்லு புரியணும்.”

“வேலை இருக்கா சார்? அங்க உக்காந்து எழுதுறாங்களே, அவங்களுக்கு?”

“இருந்தா சொல்லுவோம்.”

“இருக்கா?”

“நீ இல்லையா? உன்ன எடுக்கலையா?”

“எனக்கு முன்னால ஒருத்தங்க வேலைய விட்டதால எடுத்தீங்க.”

அவர் ஒரு பக்கத்தை என் பக்கமாகத் திருப்பினார். பேனாவால் மூன்றாவது வாக்கியத்தின் மேல் ஒரு கோடு போட்டார். ரொம்ப நேர்க்கோடு. “எடுத்துட்டேன். போதுமா? அப்பா வாங்கிப் படிச்சாலும் ஒண்ணும் இருக்காது. உன் நிரந்தரத்துக்கும் இன்னைக்கே எழுதிடறேன். கோவக்காரிங்கதான் நல்லா எழுதுவாங்க, எனக்குத் தெரியும்.”

நேற்று இதே அறையில் நான் கேட்டது முழுக்க அந்த ஒரு கோட்டில் கிடைத்துவிட்டது. அதனாலேயே பையின் ஜிப்பைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

“இது வேணாம் சார். கோழி எழுதினத அப்படியே போடுங்க. அங்க இருக்கிறவங்ககிட்ட வேலை இல்லைன்னு சொல்லிட்டு எழுத வைங்க. எழுதுறவங்க எழுதட்டும்.”

“உன் ஃப்ரெண்டையும் எடுத்துக்கலாம்,” என்றார் சட்டென்று. “எக்ஸ், ஒய், இசட்ட அவளுக்குக் குடுத்துடு. உனக்கு வேற எழுத்துத் தரேன்.”

அப்போதுதான் அவர்மேல் எனக்கு இருந்த சந்தேகம் முதல்முறையாகத் தீர்ந்தது. இனி சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஆள் முழுசாகத் தெரிந்துவிட்டார்.

“அவ வரமாட்டா சார். நேத்தே கேட்டுட்டேன். வேலை கெடைக்குமான்னு கேட்டவதான். பேப்பரெல்லாம் எங்க போகுதுன்னு எனக்குப் பட்டதச் சொன்னேன். ‘அப்ப என் வாக்கியத்த மட்டும் திருப்பி வாங்கிக் குடுடி’ன்னா.”

“வாக்கியத்த எப்படித் திருப்பித் தர்றது?” அவர் உண்மையாகவே கேட்டார். “அவங்களே எழுதிக் குடுத்துட்டுப் போறாங்க. குடுத்தது பொது. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

“உங்களுக்கு எப்பவாவது வந்திருக்கா சார்?”

“எது?”

“ஷக்ரின்.”

பதில் சொல்ல அவர் வாயைத் திறந்தார். நான் காத்திருக்கவில்லை. எழுந்தேன். கை என்னையறியாமல் நாற்காலியின் சாய்வுப் பக்கமாகப் போனது. அப்பாவின் பெண் அல்லவா. பாதியில் இழுத்துக்கொண்டேன். துடைக்கவில்லை. அடையாள அட்டையை மட்டும் கழுத்திலிருந்து கழற்றி, கோடு போட்ட அந்தப் பக்கத்தின் மேல் வைத்தேன்.

“இசட்,” என்று பின்னால் கூப்பிட்டார். அது என் பெயர் இல்லை.

கூடத்தில் பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. காலையில் தண்ணீர் குடித்த பெண் எழுதுவதை நிறுத்தி, கூரையைப் பார்த்து எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தாள். அவள் ஞாபகத்தில் யார் எழுந்து நின்றார்களோ தெரியாது.

“எழுதினத உங்ககூடவே எடுத்துட்டுப் போங்க,” என்றேன். “இங்க வேலை எதுவும் காலி இல்ல. நான் சேந்ததுக்கப்புறம் இருந்ததும் இல்ல.”

முன்னால் உட்கார்ந்திருந்தவன் சந்தேகமாக என்னை ஏற இறங்கப் பார்த்தான். சரியான பிள்ளை. “அதச் சொல்ல நீங்க யாருக்கா?”

“இன்னைக்குக் காலைல வரைக்கும் இங்கதான் இருந்தேன்,” என்று சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டினேன். பின்னால் ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன்.